கட்டைவிரல் நின்ற இடங்கள்

ஓசூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களின் பெயர், வயது, எந்த டாக்டர் அனுப்பினார் என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அந்த சாஃப்ட்வேரில் வயதைப் போட்டு என்டர் தட்டினால் சில சமயம் பெயர் அழிந்துவிடும். ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு எதிரில் நிற்கும் கர்ப்பிணிப் பெண்களிடம் நான் இரண்டாம் தடவை பெயர் கேட்பேன். ஒரு நாள் ஒருத்தி, "இப்பத்தான சொன்னன், காதுல வாங்கலியா நீ?" என்று கத்திவிட்டாள். அவள் கத்தியதில் தப்பில்லை. அன்று மத்தியானம் ஒரு பழைய ரசீதின் பின்பக்கம், அந்தத் திரை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பேனாவால் கட்டம் போட்டு வரைந்தேன்.

இதற்கு இன்டர்ஃபேஸ் டிசைன் என்று பெயர் இருக்கிறது, அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூர் போனால் இதற்கென்றே வேலைகள் இருக்கின்றன என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நான் படித்தது ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில், பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அங்கே கம்ப்யூட்டரைத் தொட்ட நாட்கள் குறைவு. டிசைன் வகுப்பில் சேர வசதியில்லை. இணையத்தில் பலர் தினம் ஒரு திரை வரைந்து பழகுவதைப் பார்த்தேன். நானும் அப்படியே ஆரம்பித்தேன். காலையில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு திரை. ஒரு நாள் பஸ் டிக்கெட் எடுக்கும் திரை. ஒரு நாள் கேஸ் சிலிண்டர் பதிவு. ஒரு நாள் ஆஸ்பத்திரி டோக்கன். வரைந்ததை அழகு பார்க்கக் கூடாது, யாரிடமாவது கொடுத்து அமுக்கச் சொல்ல வேண்டும், அவர்கள் தடுமாறும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

யாரிடம் கொடுப்பது? வீட்டில் அக்காதான் இருந்தாள்.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா போன பிறகு பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஓசூர் வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தவள். நான் வேலைக்கு வந்தபோது அவள் அதே லைனில் ஒன்பதாவது வருடம். பாகலூர் ரோட்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருவரும் இருந்தோம். பக்கத்து வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கேட்கும். அக்கா எல்லோருடனும் பேசுவாள். எந்த மொழியில் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

முதல் நாள் நான் கொடுத்த பஸ் டிக்கெட் திரையை அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கட்டைவிரல் திரைக்கு மேலே காற்றில் நின்றது. முதல் நாளே என் விதியை மீறினேன்.

"அமுக்குக்கா."

"எத அமுக்கறது?"

"அந்தப் பெரிய பட்டன்தான்."

"அது செவப்பா கீது பாப்பா. செவப்ப தொட்டா எங்க லைன் நின்னுபூடும். நான் தொடமாட்டன்."

அவள் கம்பெனியில் சிவப்புப் பட்டன் லைனை நிறுத்த, சிவப்புப் பெட்டி கழிவுக்கு, பச்சை நல்லதற்கு, மஞ்சள் சந்தேகமானதற்கு. ஒன்பது வருடம் அப்படியே பழகிய கை. நானோ பார்க்க நன்றாக இருக்கிறதென்று ஒரு பெரிய சிவப்புப் பட்டனை வைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. 'உலகத்துல எல்லாரும் உன் கம்பெனியிலயா வேலை செய்றாங்க' என்று சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் பச்சையாக மாற்றினேன். சட்டென்று அமுக்கினாள்.

அதிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, என்ன திரை, அக்காவின் கட்டைவிரல் எங்கே நின்றது. அவ்வளவுதான் எழுதுவேன். ஆங்கிலத்தில் 'ஓகே', 'ரிஜெக்ட்', 'ஹோல்ட்' போன்ற கம்பெனி வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். 'ப்ரொசீட்' என்றால் நின்றுவிடுவாள். ஒரு பக்கத்துக்குக் கீழே இன்னும் இருக்கிறது என்று தெரியாது, தள்ளிப் பார்க்க மாட்டாள். எதையாவது டைப் அடிக்கச் சொன்னால் போனையே கீழே வைத்துவிடுவாள். ஒயர் முனைகளைக் குத்திக் குத்தி விரல் நுனி காய்த்துப்போயிருந்ததால் சின்னப் பட்டன்களை இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டியிருந்தது. பச்சையில் 'சரி' என்று எங்கே இருந்தாலும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே அமுக்கிவிடுவாள். இதையும் எழுதி வைத்தேன்.

அக்கா முதல் ஷிப்ட் போகும் வாரங்களில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் ஐந்து நிமிடம் கொடுப்பாள். இரவு ஷிப்ட் வாரங்களில் காலை ஏழு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே நான் போனை நீட்டுவேன். ஒரு தடவை தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவள், போனைக் கையில் வாங்கியபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தோளைத் தட்டி எழுப்பினேன்.

"ஒரே ஒரு தடவ அமுக்கிட்டுப் படுத்துக்கோக்கா."

கண்ணைத் திறக்காமலே அமுக்கினாள். அது சரியான இடமில்லை. அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். களைத்தவர்கள் திரையின் கீழ்ப்பகுதியைத்தான் தொடுகிறார்கள் என்று எழுதினேன். அந்த வயதில் அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

இருநூறு திரைகளுக்கு மேல் போன பிறகு பெங்களூரில் இன்டர்வியூக்களுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் என் ஆங்கிலத்தைக் கேட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில், "எல்லாமே பஸ்ஸும் கேஸும் ரேஷனுமா இருக்கே, உங்களுக்கு நல்ல ரசனை உள்ள கஸ்டமர்களோட பழக்கம் இல்லையா?" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி எடுத்தது. தொழிற்சாலைகளில் ஆட்களின் வருகை, லீவு, ஷிப்ட் எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்ள ஆப் செய்யும் கம்பெனி. டீம் லீடர் மைசூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். என் திரைகளை அவர் அதிகம் பார்க்கவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இது எத்தனை பேரை வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

"நிறைய யூசர்ஸ் சார்," என்றேன். ஒரே ஒருத்தி, அதுவும் என் அக்கா என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"சென்னாகிதே," என்றார் அவர் மொழியில். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வாரம் சேர்ந்தேன். அக்கா லைன் வீட்டில் இருந்த எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். எனக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "போன்ல பட்டன் வெக்கிற வேலை," என்று சொன்னாள்.

அந்த ஆபீசிலும் தினப் பயிற்சி இருந்தது. காலையில் வந்ததும் அரை மணி நேரம், போர்டில் லீடர் ஒரு வரி எழுதுவார். 'இதே வேலையை இரண்டு தட்டலில் முடி.' 'படிக்கத் தெரியாதவருக்கு வரை.' ஐந்து பேரும் வரைந்து சுவரில் ஒட்டுவோம். இப்படி நல்ல பயிற்சி எனக்கு எங்கும் கிடைத்ததில்லை. ஒரு வருடத்தில் என் கை எவ்வளவோ தேறியது.

ஒரு திங்கட்கிழமை போர்டில் வழக்கத்துக்குத் தலைகீழான ஒரு வரி இருந்தது. ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்ய வருகிறார், அவரே வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகும்படி ஒரு திரை வரையுங்கள். எதையும் மறைக்கக் கூடாது, பொய் எழுதக் கூடாது. விளையாட்டுக்குத்தான் என்றார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே வரைந்தோம். மற்ற நான்கு பேரும் குழப்பமான கட்டங்கள், பொடி எழுத்து என்று போட்டார்கள். எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கை தானாகப் போயிற்று. லீவு கேட்க வருகிறவருக்கு முதலில் காரணத்தை டைப் அடிக்கும் ஒரு பெட்டி. அதற்கடுத்த பக்கத்தில், லீவில்லாமல் வந்தால் சேரும் புள்ளிகளைப் பற்றி ஒரு கேள்வி: 'உங்கள் வருகைப் புள்ளிகளைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?' அதற்குக் கீழே பெரிய பச்சைப் பட்டனில் 'சரி'. லீவை அனுப்பும் பட்டன் அதற்கும் கீழே, தள்ளிப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், சிவப்பில், 'ப்ரொசீட்'. பச்சையை அமுக்கினால் லீவு விண்ணப்பம் ரத்தாகி, 'நன்றி! உங்கள் முடிவு பதிவானது' என்று வரும். டீமில் ஒழுங்காகத் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும்தான். அந்த வரியை இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன், பொய்யாகவும் இருக்கக் கூடாது, தெளிவாகவும் இருக்கக் கூடாது என்று.

கைதட்டினார்கள். லீடர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் போட்டோ ஒரு மீட்டிங்கில் வந்தது. திங்கட்கிழமைகளிலும் பண்டிகைக்கு மறுநாளும் லீவு விண்ணப்பங்கள் குவிகின்றன, ஏதாவது செய்யுங்கள் என்று வாடிக்கைக் கம்பெனிகள் கேட்டனவாம். லீடர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் முடிக்கணும். உங்களுக்குத்தான் ஒர்க்கர்ஸை நல்லா தெரியும்."

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இதை மாற்றிச் சொல்ல முடியாது. மனசு உறுத்தியது என்றோ தூக்கம் வரவில்லை என்றோ எழுதினால் அது பொய். இரண்டு வாரம் உட்கார்ந்து நறுக்காக முடித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து லீவு விண்ணப்பங்களின் கோடு கீழே இறங்கிய படத்தைத் திரையில் போட்டு என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

அந்தக் கோடு இறங்கிய சில மாதங்களுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் அக்கா போனை நீட்டினாள்.

"கம்பெனில புதுசா ஒரு ஆப்பு ஏத்தச் சொல்லிக்கீறாங்க பாப்பா. இனிமே பேப்பர்ல லீவு எழுதிக் குடுக்கக் கூடாதாம். சரியா ஏறிக்கீதான்னு பாரு."

நிறம் மாறியிருந்தது, அவர்கள் கம்பெனியின் சின்னம் மேலே இருந்தது. மற்றதெல்லாம் என் கை. லீவு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பச்சை 'சரி' அப்படியே இருந்தது.

"ஏறிடுச்சுக்கா," என்று திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதே உட்கார வைத்து, பச்சையைத் தொடாதே, கீழே தள்ளு, சிவப்பை அமுக்கு என்று காட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. காட்டினால் ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பாள், யார் வைத்தது என்று கேட்பாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவள் அதிகம் லீவு போடுகிறவளும் இல்லை.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஊரில் இருந்த அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். யாராவது மூன்று நாள் கூட இருக்க வேண்டும். எனக்கு அந்த வாரம் ஆபீசில் புதிய ஆப் வெளியிடும் வேலை. அக்கா, "நீ போ உன் வேலைக்கி, நான் பாத்துக்கறன். பன்னண்டு வருசத்துல என்னிக்கி லீவு கேட்டன், குடுப்பாங்க," என்றாள்.

அந்த வருடம் அவள் கம்பெனியில் காண்ட்ராக்ட் பெண்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சிருந்தது. பட்டியலில் அக்காவின் பெயர் இருந்ததை சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். சொல்லாமல் ஒரு நாள் வேலைக்கு வராமல் இருந்தவர்களுக்கும் அதில் இடமில்லை.

அவள் ஆப்பில் லீவு போட்டாள். காரணம் அடிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து 'அம்மா கண் ஆபரேஷன்' என்று அடித்துக்கொண்டாளாம். அடுத்த பக்கத்தில் பச்சை 'சரி' வந்தது, அமுக்கினாள். 'நன்றி! உங்கள் முடிவு பதிவானது' என்று வந்தது. மூன்று நாளுக்கும் மூன்று தடவை அப்படியே செய்தாள். மூன்று தடவையும் நன்றி சொன்னது.

நான்காம் நாள் கம்பெனி கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி ஓரமாக நிற்கச் சொன்னான். அவள் லைன் பெண்கள் எல்லோரும் அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் வந்தார்.

"ஆப்புல ஒண்ணுமே வர்லியேம்மா."

"மூணு வாட்டி போட்டன் சார், பாருங்க, நன்றின்னு வந்துச்சி."

அவர் அவள் போனை வாங்கிப் பார்த்திருக்கிறார். மூன்று விண்ணப்பமும் 'உங்களால் ரத்து செய்யப்பட்டது' என்றிருந்தது. "நீதானம்மா ரத்து பண்ணிக்கீற," என்றாராம். அவர் கெட்டவரில்லை என்று அக்கா பிறகும் சொன்னாள். அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, எல்லாம் மேலே போய்விட்டது. பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. பத்து நாளில் காண்ட்ராக்டர் அவளைத் தொரப்பள்ளிப் பக்கம் ஒரு பேக்கிங் யூனிட்டுக்கு மாற்றிவிட்டார். பன்னிரண்டு வருடம் ஒயர் கட்டிய கை அங்கே அட்டைப்பெட்டி மடிக்க ஆரம்பித்தது.

கேட்டில் நிறுத்தப்பட்ட அன்று நான் ஆபீசிலிருந்து வந்தபோது அக்கா சீருடையை மாற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. சொல்லி முடித்ததும் ஆப்பைத் திறந்து, திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினாள்.

"இது உன் கார்டுல கீற பேருதான? உங்க கம்பெனிதான?"

"ஆமாக்கா."

"இந்த லீவு பக்கம் நீ போட்டதா?"

"டீமா சேந்து போட்டதுக்கா."

"டீமுன்னா? நீயும் இருந்தியா?"

"நான்தான் வரைஞ்சேன்."

அக்கா போனை அணைத்துத் தரையில் வைத்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பிறகு கேட்டாள்:

"அன்னிக்கி ஏறிக்கீதான்னு பாக்கச் சொல்லி உன் கையில குடுத்தன் இல்ல. கீழ தள்ளி அமுக்குன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா பாப்பா?"

வேலைக்காகச் செய்தேன், நான் இல்லாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார், உனக்கு வரும் என்று நினைக்கவில்லை என்றெல்லாம் வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் லீடரிடம் போய்ச் சொன்னேன். நோட்டில் இருந்தது முழுவதும் என் அக்கா ஒருத்திதான் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் கம்பெனிக்குப் போன் செய்து பேசியும் பார்த்தார். விதி விதிதான் என்றார்களாம். திரையை மாற்றலாமா என்று கேட்டேன். "கஸ்டமர் கேட்டு வாங்கினது. எந்தக் காரணம் சொல்லி மாத்தறது?" என்றார். நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். அடுத்த வெளியீட்டில் லீவு அனுப்பும் பட்டனைப் பச்சையாக்கி மேலே ஏற்றி வைத்தேன். ஆறு நாள் அப்படி இருந்தது. ஏழாம் நாள் இறங்கிய கோடு மறுபடி ஏறுவதை யாரோ பார்த்துவிட்டார்கள். பழையபடி மாற்றச் சொன்னார்கள். மாற்றியதும் நான்தான்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். விடவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் அங்கேயே இருந்தேன். பிறகு கோரமங்களாவில் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மாறினேன். இன்டர்வியூவில் காட்டியவற்றில் அந்த லீவு பக்கமும் இருந்தது. அந்தப் பக்கத்தில்தான் அவர்கள் அதிக நேரம் நின்றார்கள், மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள். வேலை கிடைத்தது.

காலையில் ஒரு திரை வரையும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கை நன்றாக வருகிறது. முன்பு ஒரு மணி நேரமானது இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது. வரைந்ததை அக்காவிடம் கொடுப்பதில்லை. ஆப் விவகாரம் நடந்த மாதத்தில் ஒரு தடவை பழக்கதோஷத்தில் நீட்டிவிட்டேன். "எனுக்கு என்னா தெரியும் பாப்பா, படிச்சவங்க யார்கிட்டயாச்சும் குடு," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், குரலில் ஒன்றும் இல்லை.

நான் பெங்களூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். அக்கா ஓசூரிலேயே பேக்கிங் யூனிட்டுக்குப் பக்கமாக வீடு மாற்றிக்கொண்டாள். வாரம் ஒரு தடவை பேசுகிறோம். சாப்பிட்டாயா என்று கேட்பாள். அம்மாவின் கண்ணைப் பற்றி, ஊரில் மழை பெய்ததா என்பதைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் மாமன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

"லீவு கெடச்சிதாக்கா?"

"கேட்டன், குடுத்தாங்க."

போனில் கேட்டாளா, நோட்டில் எழுதிக் கொடுத்தாளா, நேரில் போய் நின்று கேட்டாளா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அந்த வாரம் லீவு கிடைக்காது என்று மட்டும் சொன்னேன். "சரி சரி, வேலைய பாரு," என்று வைத்துவிட்டாள்.